எமீமாள் என்றால்

பிப்ரவரி 11

அடியே பூச்சி,

குழந்தை தூங்குது. தூங்குறதுன்னா கண்ணை மூடிக்கிட்டு அடுத்த சண்டைக்கு ஆள் தேடுறது. இன்னைக்குப் பதினேழாவது நாள். அப்படியே உங்க அண்ணன் மூக்குன்னு பாக்க வர்றவங்க எல்லாரும் சொல்றாங்க. ஒரு பொண்ணு அந்த மூக்கை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவான்னு எனக்கு இப்பவே கவலை.

நான் பேசுற மாதிரியேதான் எழுதுவேன், உன்னை மாதிரி எழுத வராது. போன்ல சொல்லக் கூடாதான்னு கேப்பே. போன் உங்க அண்ணன் கையில இருக்கு. பாலத்து மேல வெல்டிங் பண்றப்பவும் அவர்கிட்ட, வீட்டுக்கு வந்தாலும் அவர்கிட்ட. அதுலயும் ஸ்பீக்கர்ல போட்டாத்தான் அவருக்குப் பேச வரும். நான் எழுதப்போறது உங்க அண்ணனுக்கு இன்னும் தெரியாத விஷயம். பதிலைத் தையல் பட்டறை விலாசத்துக்கே போடு. பட்டன் வைக்கிற அக்கா கொண்டுவந்து குடுத்துடுவாங்க.

உன்னால எனக்கு ரெண்டு வேலை ஆகணும்.

கெத்சீயாள்ங்கிற பேருக்கு என்ன அர்த்தம்னு உன் லைப்ரரியில பாத்துச் சொல்லு. மூத்தவளுக்கு எமீமாள்னு வச்சப்ப அது எங்க இருந்து வந்த பேருன்னே எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு ஐம்பது சட்டை ஆர்டர். அதுல ஒரு நர்ஸோட பேர் அது. பாக்கெட்டுல நீல நூல்ல அடிச்சேன். அந்த ‘மீ’யோட சுழி மிஷின்ல அவ்வளவு அழகா வந்துச்சு. அப்பவே வயித்துல கையை வச்சு, இதுதான்டி உன் பேருன்னு சொல்லிட்டேன். இப்பத்தான் பட்டன் அக்கா சொல்றாங்க, அது பைபிள்ல, அவங்க சொல்ற வேதத்துல, வர்ற பேராம். யோபுன்னு ஒருத்தர், பிள்ளைங்க, ஆடு மாடு எல்லாத்தையும் பறிகுடுத்துட்டு மறுபடி எல்லாம் கிடைச்சவர், அவரோட பொண்ணாம். அவளுக்கு அடுத்தவ பேர் கெத்சீயாள். மூத்தவ எமீமாள்னா இளையவ அதுதானே?

ரெண்டாவது வேலை. மூத்தவளோட பிறப்புப் பதிவு நகல் ஒண்ணு வாங்கி அனுப்பு. இங்க பேர் பதியற படிவத்துல ஒரு கட்டம் இருக்கு: ‘இதற்கு முன் பிறந்த குழந்தைகள், பெயர், இப்போதைய நிலை.’ அதைப் படிச்சதும் விரல்ல ஊசி ஏறின மாதிரி இருந்துச்சு. அப்புறம் சந்தோஷமா இருந்துச்சு பூச்சி. அவ பேர் என்னன்னு கேட்ட முதல் காகிதம் அதுதான். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே தாள்ல நிப்பாங்க. ஆனா நகல் இல்லாம எழுத விடமாட்டாங்களாம். ஏப்ரல் முடியறதுக்குள்ள குடுக்கணும்.

அன்னைக்கு உங்க ஊர் ஆஸ்பத்திரியில நான் படுத்திருந்தப்ப நீதானே போய் எழுதிக் குடுத்துட்டு வந்தே. உனக்கு அந்த ஜன்னல் தெரியும்.

உன் அண்ணி

*

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை நூலகத்தின் வரவுப் பிரிவில், இன்னும் பிரிக்காத புத்தகக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். குழந்தையின் மூக்கைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அண்ணனின் மூக்கு அவர் முகத்தில்தான் அப்படித் தெரிகிறது.

பெயர்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்று அகராதிகளைப் பார்த்தேன். இரண்டு ஒத்துப்போயின. மூன்றாவது சண்டை போட்டது. எமீமாள் எபிரேயத்தில் யெமீமா. அந்த மொழியில் ‘யோம்’ என்றால் நாள், பகல். பகலைப் போன்றவள் என்று பழைய உரைகாரர்கள் பொருள் சொன்னார்கள். பிற்கால அறிஞர்கள் பலர் இதை ஏற்பதில்லை. அரபியில் புறாவைக் குறிக்கும் சொல் ஒன்று இதே போல ஒலிக்கிறது, இவள் புறாதான் என்கிறார்கள். உறுதியாக யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் பகல் என்பேன்.

கெத்சீயாள் வாசனைப் பட்டை. நம் இலவங்கப்பட்டைக்கு நெருங்கிய உறவு. மரத்தின் பெயரும் அதுவே, பட்டையின் பெயரும் அதுவே. கடைசிப் பெண்ணின் பெயர் கேரேனாப்புக், அதாவது கண்மை வைக்கும் கொம்புச் சிமிழ். மூன்றாவதாகவும் பெண் பிறந்தால் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். யோபுவுக்குப் பிற்பாடு பிறந்த ஏழு மகன்களில் ஒருவன் பெயரும் சொல்லப்படவில்லை. மூன்று பெண்களின் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. அந்தக் காலத்து ஏடுகளில் இது அபூர்வம். தலைமுறை தலைமுறையாக மகன்களின் பெயர்களை மட்டுமே அடுக்கிச் செல்கிற நூல் அது.

நகல் விஷயம். பதிவு அறையில் வெள்ளை அடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கொஞ்ச நாள் ஆகும்போலிருக்கிறது. குழந்தைக்கு என் முத்தங்கள்.

பூச்சி

*

பிப்ரவரி 27

பூச்சி,

பகலா!

உன் கடிதத்தைப் பட்டன் அக்கா கொண்டுவந்தப்ப குழந்தைக்குப் பால் குடுத்துக்கிட்டிருந்தேன். ஒரு கையில அவ, ஒரு கையில நீ. பகல்னு படிச்சதும் எனக்குக் கொஞ்ச நேரம் ஒண்ணுமே கேக்கலை. இவ கத்தினதுகூடக் கேக்கலை. இவ கத்தினா தெருமுனைக் கடைக்காரர் எட்டிப் பாப்பார்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மூத்தவ பிறந்தது காலையில ஆறே முக்கால். போனது சாயங்காலம் அஞ்சரை. ஜன்னல்ல வெளிச்சம் வந்தப்ப வந்தா, வெளிச்சம் போறதுக்கு முன்னாடி போயிட்டா. அவ பாத்தது முழுக்கப் பகல் மட்டும்தான். நான் அர்த்தம் தெரிஞ்சா வச்சேன்? சுழி அழகா இருக்குன்னு வச்சேன். அகராதிக்காரங்க புறான்னு சண்டை போட்டுக்கட்டும். எனக்கு என்ன பேர்னு தெரிஞ்சு போச்சு.

உங்க அண்ணன்கிட்ட அந்தப் பேரை இன்னும் சொல்லலை. அப்ப அவர் வேலை இடத்துல இருந்து வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ‘பாப்பா’ன்னு மட்டும் சொல்லி அழுதார். பேரைச் சொன்னா இன்னும் அழுவாரு, அவர் அழுதா என்னைத் தாங்க ஆள் இல்லைன்னு விட்டுட்டேன். நாலு வருஷம் ஓடிப்போச்சு. இப்ப அந்தத் தாளை அவர் முன்னாடி வச்சு, இது உங்க பெரிய பொண்ணுன்னு சொல்லப்போறேன். அதுக்காகத்தான் இந்த அவசரம்.

பட்டைன்னா பட்டையாவே இருக்கட்டும். பேர் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு கவனிச்சேன். நான் அர்த்தம் கேட்டதுக்கு ஒண்ணரைப் பக்கம், நகல் கேட்டதுக்கு மூணு வரி. சுண்ணாம்பு காய எத்தனை நாள் ஆகும்?

உன் அண்ணி

*

மார்ச் 8

அன்புள்ள அண்ணி,

தாமதத்துக்கு மன்னியுங்கள். புதிய வரவுகள் குவிந்துவிட்டன.

கெத்சீயாள் பற்றி முழுவதையும் நான் சொல்லவில்லை. அந்தச் சொல்லின் வேரைத் தேடினால் ‘உரித்தெடுப்பது, சுரண்டி எடுப்பது’ என்று வருகிறது. மரத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால் அந்தப் பட்டைக்கு அந்தப் பெயர் வந்ததாம். பெற்றவளுக்கு இதைக் கேட்கப் பிடிக்குமா என்று தெரியாமல்தான் முதல் கடிதத்தில் விட்டுவிட்டேன். மறைப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டதோ என்று தோன்றியதால் இப்போது எழுதுகிறேன்.

நகல் கிடைப்பது கடினம் என்கிறார்கள். அந்த வருடத்துப் பதிவேட்டில் சில பக்கங்கள் கிழிந்துவிட்டனவாம். அண்ணி, ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாமே. பல தாய்மார்கள் அப்படித்தான் செய்கிறார்கள். பெயர் உங்கள் மனதில் இருக்கிறது. காகிதத்தில் இருந்தால்தானா?

பூச்சி

*

மார்ச் 14

பூச்சி,

எங்க பட்டறையில பேர் அடிக்காத சட்டை எங்க போகும் தெரியுமா? எங்கயும் போகாது. இது யாரோடதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மூட்டையோட மூட்டையா மூலையில கிடக்கும். கொஞ்ச நாள் கழிச்சு மிஷின் துடைக்க எடுத்துக்குவாங்க.

கட்டத்தை வெறுமையா விடுன்னு நீயா எழுதினே? புத்தகம் புத்தகமாப் படிக்கிற நீயா?

நேத்து பட்டன் அக்கா போன்ல ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். அந்த ஜன்னல்ல இருக்கற அம்மாதான் எடுத்தாங்க. “பக்கமா? எங்க பதிவேட்ல ஒரு மூலைகூட மடங்கலைம்மா”ன்னாங்க. வெள்ளை அடிச்சு முடிஞ்சுதான்னு கேட்டேன். “எங்கம்மா அடிக்கிறாங்க? நாங்களும் எட்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்”னு சிரிக்கிறாங்க. நகல் கேட்ட அன்னைக்கே குடுப்பாங்களாம். விவரம் மட்டும் போன்ல சொல்ல மாட்டாங்களாம்.

நீ அந்தப் பக்கமே போகலை. எனக்கு அது புரிஞ்சிடுச்சு. ஏன் போகலைன்னுதான் புரியலை.

உன் மேல எனக்குக் கோபமே வந்ததில்லை. கல்யாணம் ஆகி வந்தப்ப நீ எட்டாவது படிக்கிற பொண்ணு. எனக்குப் பொழுது போகலைன்னு உன் பாடப் புத்தகத்தையே எனக்குப் படிச்சுக் காட்டினவ. என்கிட்ட ஏன்டி பொய் சொல்றே? அந்தப் பதிவேட்ல என்ன இருக்கு?

நேராக் கேக்கிறேன். நேராச் சொல்லு. இந்தத் தடவை அகராதி வேண்டாம்.

அண்ணி

*

மார்ச் 20

அண்ணி,

பதிவேட்டில் ‘பெயர் இல்லை’ என்று இருக்கிறது.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் வைத்திருந்தேன். இதற்குக் கீழே என்ன எழுதினாலும் சாக்காகத்தான் இருக்கும். ஆனால் நேராகச் சொல் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அன்று நீங்கள் என்னை அருகே கூப்பிட்டுக் காதில் அந்தப் பெயரைச் சொன்னீர்கள். மருந்தில் உங்கள் நாக்கு குழறியது. இருந்தும் எழுத்து எழுத்தாகச் சொன்னீர்கள். நெடில் ‘மீ’ என்று இரண்டு முறை சொன்னீர்கள். நான் படிகளில் இறங்கிப் போகும்போது அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே போனேன். அதற்கு முன் அப்படி ஒரு பெயரை நான் கேட்டதில்லை.

ஜன்னலில் ஒரு அம்மா, கட்டை விரலில் தாள் புரட்டும் ரப்பர் உறை. எனக்குப் பின்னால் ஒருவர் கையில் இனிப்புப் பெட்டியுடன் நின்றார், அவருக்கு மகன் பிறந்திருந்தான். அந்த அம்மா பிறப்புச் சீட்டைப் பார்த்தார். “குழந்தை பேரு?” என்றார். பிறகு அதோடு சேர்த்துக் குத்தியிருந்த இன்னொரு சீட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “வச்சிருந்தீங்களா? வைக்கலைன்னாலும் பரவாயில்லைம்மா. கட்டாயம் இல்லை.”

“இன்னும் வைக்கலை” என்றேன்.

‘இன்னும்’ என்று சொன்னேன் அண்ணி. காலையில் பிறந்து மாலையில் இறந்த குழந்தைக்கு ‘இன்னும்’. நான்கு வருடங்களாக அந்த ஒரு சொல் என்னோடு இருக்கிறது. பல் விளக்கும்போது வரும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது வரும்.

ஏன் அப்படிச் சொன்னேன்? நான் அப்போது வரவுப் பிரிவில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு எண் போடுவோம். பிரித்துப் பார்க்கும்போது புத்தகம் சேதமாக இருந்தால், தாள் மாறியிருந்தால், திருப்பி அனுப்பிவிடுவோம். அந்த எண்ணை அழித்து அடுத்த புத்தகத்துக்குப் போட்டுவிடுவோம். எண்ணை வீணாக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நாள் முழுக்க என் கை அதைத்தான் செய்தது. ஜன்னலில் நின்றபோது என் மனமும் அதைத்தான் செய்தது. இவ்வளவு அழகான பெயர், போய்விட்ட குழந்தையோடு போய்விடும், அடுத்த குழந்தைக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். உங்கள் நன்மைக்காக நினைப்பதாகவே நினைத்தேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் மடத்தனம் என்று சொல்லிவிடலாம். வீட்டுக்கு வந்து அந்தப் பெயரை என் நோட்டில் எழுதி வைத்தேன். அடுத்த குழந்தைக்கு என்று. யாருடைய அடுத்த குழந்தைக்கு என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நோட்டில் நான் எனக்குப் பிறக்கும் குழந்தைகளுக்காகச் சேர்த்து வைத்திருந்த பெயர்கள்தான் இருந்தன.

அன்று ஜன்னலிலிருந்து படியேறி மேலே வந்ததும் நீங்கள் கண்ணைத் திறக்காமல் கேட்டீர்கள்.

“சொன்னியா?”

“சொன்னேன் அண்ணி.”

“எழுதிக்கிட்டாங்களா?”

“எழுதிக்கிட்டாங்க.”

“எழுத்து சரியா இருந்துச்சா?”

“சரியா இருந்துச்சு.”

நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

உங்கள் முதல் கடிதத்தில் இரண்டாவது பெயரைக் கேட்டிருந்தீர்கள். மூத்தவள் பெயரை மறுபடி எடுப்பது உங்கள் நினைப்பிலேயே இல்லை. அதைப் பார்த்தபோதுதான் நான் செய்தது என்னவென்று முழுதாகத் தெரிந்தது. நீங்கள் அடுத்த குழந்தைக்கு அடுத்த பெயரைத் தேடினீர்கள். நான்தான் பெயரை அழித்துவிட்டு மிச்சம் பிடித்தவள்.

மன்னிப்புக் கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது.

பூச்சி

*

ஏப்ரல் 3

அண்ணி,

பதில் வரவில்லை. வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. போன கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பென்சில் எண் முதல் நாளுக்கு மட்டும்தான். சோதித்து முடித்ததும் பதிவேட்டில் மையால் எழுதுவோம். மையால் எழுதிய எண் வேறு எந்தப் புத்தகத்துக்கும் போகாது. புத்தகம் தொலைந்தாலும், எரிந்தாலும், யாராவது எடுத்துப் போய்த் திருப்பித் தராவிட்டாலும் வரிசையில் அதன் இடம் இருக்கும். எதிரே ‘தொலைந்தது’ என்று எழுதுவோம், அவ்வளவுதான். எங்கள் தலைமை நூலகர் இதை எனக்கு விளக்கியது அந்தச் சம்பவம் நடந்த அடுத்த வாரம். “வந்த புத்தகம் வந்ததுதான்மா. போயிடுச்சுன்னா வரலைன்னு ஆயிடுமா?” என்றார். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அன்றே போய்ச் சரி செய்திருக்கலாம். ஆஸ்பத்திரி நூலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. நான்கு வருடமாக வேறு தெரு வழியாக வீட்டுக்குப் போகிறேன்.

ஏப்ரல் முடிவதற்குள் என்று சொல்லியிருந்தீர்கள். தாய் கையெழுத்திட்ட கடிதம் இருந்தால் பெயரைச் சேர்க்க முடியும் என்று விசாரித்துவிட்டேன். உண்மையாகவே விசாரித்தேன். நேரில் போகத் தைரியம் வரவில்லை, போனில் கேட்டேன். நீங்கள் கடிதம் அனுப்பினால் நான் போகிறேன். என்னை அனுப்ப மனமில்லை என்றால் வேறு யாரையாவது சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறேன்.

பூச்சி

*

ஏப்ரல் 14

கையெழுத்துப் போட்ட கடிதம் இதோட இருக்கு. வேற யாரையும் அனுப்ப மாட்டேன். நீதான் போகணும். உன் வாயாலதான் சொல்லணும்.

உன் கடிதத்தைப் படிச்ச அன்னைக்கு எனக்கு அழுகை வரலை. இவளுக்குத் தைச்சு வச்சிருந்த மூணு சட்டையையும் பிரிச்சுப் போட்டுட்டேன். ஒவ்வொரு தையலா. பட்டன் அக்கா வந்து பாத்துட்டு, “குழந்தைக்கு என்னத்த போடுவே?”ன்னு திட்டிட்டு மறுபடி தைச்சுக் குடுத்துட்டுப் போனாங்க. போறப்ப அவங்க வேதத்தை வச்சுட்டுப் போயிட்டாங்க. மறந்தாங்களோ, வேணும்னு வச்சாங்களோ.

நீ அர்த்தம் தேடினே. நான் கதையைப் படிச்சேன். உனக்குத் தெரியும், நான் பட்டறையில ஆர்டர் சரிபாக்குறவ. எத்தனை போச்சு, எத்தனை வந்துச்சுன்னுதான் என் கண்ணு முதல்ல பாக்கும். யோபுக்கு ஏழாயிரம் ஆடு போச்சு, பதினாலாயிரம் வந்துச்சு. ஒட்டகம் மூவாயிரம் போச்சு, ஆறாயிரம் வந்துச்சு. ஏர் மாடு, கழுதை எல்லாமே ரெண்டு மடங்கு. பிள்ளைங்க பத்து பேர் செத்தாங்க. பத்து பேர்தான் மறுபடி பிறந்தாங்க.

எழுதினவங்க தப்பு விட்டுட்டாங்கன்னுதான் முதல்ல நினைச்சேன். மறுபடி எண்ணினேன். பிள்ளைங்க மட்டும் ஏன் இருபது இல்லைன்னு ரெண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். இவளைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கறப்ப பிடிபட்டுச்சு. ஆடு போனா போனதுதான், அதனால ரெண்டு பங்கு குடுத்தாத்தான் கணக்கு நேராகும். பிள்ளைங்க போனாலும் அவங்க இருக்காங்க. பழைய பத்தும் புதுப் பத்தும் சேர்ந்தா இருபது. சரியாத்தான் எழுதியிருக்காங்க.

நீ என் மூத்தவளை ஆட்டோட சேர்த்துட்டே பூச்சி. ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு. அதைத்தான் என்னால தாங்க முடியலை. நோட்டுல எழுதி வச்சதுகூடப் பரவாயில்லை. நல்ல பேரைப் பாத்தா ஆசைப்படறது மனுஷ புத்தி.

இன்னொண்ணும் பாத்தேன். முதல்ல செத்த பத்து பேர்ல இருந்த மூணு பொண்ணுங்க பேரை அந்தக் கதையில யாருமே கேக்கலை. பின்னாடி பிறந்தவங்களுக்கு மட்டும்தான் பேர் இருக்கு. என் வீட்டுல அப்படி இருக்கக் கூடாது.

உங்க அண்ணன்கிட்ட நேத்து பேரைச் சொல்லிட்டேன். தாள் வர்றவரைக்கும் பொறுக்க முடியலை. நீ பண்ணதை அவர்கிட்ட சொல்லலை. அது உன் பாடு, நீயே சொல்லு. எமீமாள், எமீமாள்னு ரெண்டு தடவை வாய்க்குள்ளேயே சொல்லிப் பாத்தார். “நல்லாருக்கே”ன்னார். அப்புறம் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கிட்டு வேலைக்குப் போயிட்டார். தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து, “யார் வச்சது?”ன்னு கேட்டார். “நான்தான்”னேன். தலையாட்டிட்டுப் போனார்.

சின்னவளுக்குக் கெத்சீயாள்தான். மரத்துல இருந்து உரிச்சாங்களோ, சுரண்டினாங்களோ, அது அவ சாமர்த்தியம். இப்பவே என்னை உரிச்சுக்கிட்டுத்தான் இருக்கா.

இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள நகல் என் கைக்கு வரணும். மன்னிச்சுட்டீங்களான்னு எழுதிக் கேக்காதே. எனக்கே தெரியாது.

அண்ணி

*

ஏப்ரல் 22

அண்ணி,

நகல் இதனுடன் இருக்கிறது. முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். பிறகு நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அதே ஜன்னல், அதே அம்மா, கட்டை விரலில் அதே ரப்பர் உறை. அவருக்கு என்னை ஞாபகம் இல்லை. நான்கு வருடமாக ஒவ்வொரு நாளும் என்னைத் தலைகுனிய வைத்த முகத்துக்கு நான் யாரென்றே தெரியவில்லை. பதிவேட்டை எடுத்தார். பக்கம் கிழியவில்லை. ‘பெயர் இல்லை’ என்ற சொற்களுக்கு எதிரே ‘தகவல் தந்தவர்: தந்தையின் தங்கை’ என்று இருந்தது. பக்கத்தில் என் கையெழுத்து, சற்றும் நடுங்காமல்.

“யார் தப்பு இது?” என்றார். “எங்க தப்புன்னா ஒரு படிவம், உங்க தப்புன்னா வேற படிவம்.”

“என் தப்பு.”

“உங்களோடதுன்னா, குழந்தையோட அம்மா சொல்லாம விட்டுட்டாங்களா?”

“அவங்க சொன்னாங்க. நான்தான் சொல்லலை.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை நீட்டினார். ‘பிழைக்கான காரணம்’ என்று அதில் மூன்று கோடுகள் விட்டிருந்தார்கள். நான் இதுவரை உங்களுக்கு எழுதிய பக்கங்களையெல்லாம் நினைத்துக்கொண்டேன். கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன்: ‘குழந்தைக்குத் தாய் பெயர் வைத்திருந்தார். என்னிடம் சொல்லி அனுப்பினார். நான் சொல்லவில்லை.’ மூன்று கோடுகளுக்குச் சரியாக இருந்தது.

விதிப்படி அதை உரக்கப் படித்துக் காட்ட வேண்டுமாம். படித்தார். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு பெண் தன் கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். என் காது மடல் எரிந்தது. அது எரியட்டும் என்று நின்றேன்.

பழைய சொற்களை அவர் அழிக்கவில்லை. அழிக்கக் கூடாதாம். அவற்றின் மேல் ஒரு கோடு இழுத்தார். மேலே இருந்த இடத்தில் எழுதுவதற்குப் பேனாவைத் திறந்தார். மை.

“பேரைச் சொல்லுங்க.”

நான்கு வருடங்களில் நான் அந்தப் பெயரை வாய் திறந்து ஒரு முறைகூடச் சொன்னதில்லை. உங்களுக்கு எழுதினேன், மூன்று அகராதிகளில் தேடினேன், சொன்னதில்லை. முதல் முறை குரல் வரவில்லை. “என்னது?” என்று காதை ஜன்னல் ஓட்டையருகே கொண்டுவந்தார்.

“எமீமாள்” என்றேன். “நெடில் மீ.”

எழுதினார். நிதானமாக எழுதினார். சுழி நன்றாக வந்திருக்கிறது அண்ணி, நகலில் நீங்களே பார்க்கலாம்.

மை காய்வதற்காகப் பதிவேட்டைத் திறந்தே வைத்துவிட்டு, அந்த அம்மா அதை ஒரு முறை படித்துப் பார்த்தார்.

“கேள்விப்படாத பேரா இருக்கே. என்ன அர்த்தம்?”

பகல் என்று வாய் வரை வந்தது. புறா என்று சொல்பவர்களும் உண்டு என்பதும் வந்தது.

“எங்க அண்ணியோட மூத்த பொண்ணு” என்றேன்.

பூச்சி